வடை சட்டிக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு கோபுரம்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே மீன் வறுத்து விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "இன்னா தம்பி, சட்டியில கறுத்துப்போன எண்ணெய லிட்டர் கணக்குல வந்து வாங்கினு போறாங்களே, அதுல ஏரோபிளேன் ஓட்டப் போறாங்களாமே, மெய்யாலுமா?" மெய்தான் என்றேன். "அப்போ இந்த எண்ணெய அப்படியே டாங்குல ஊத்திடுவாங்களா?" என்றார். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அரை நாள் ஆகும். அவர் சட்டியிலோ வஞ்சிரம் தீய்ந்துகொண்டிருந்தது. அங்கே சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

நீடித்த விமான எரிபொருள், துறைக்காரர்கள் சொல்கிற 'சாஃப்', பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே இருக்கும். ஒன்று மூலப்பொருள்: பழைய சமையல் எண்ணெய், எத்தனால், குப்பை. இன்னொன்று இலக்கு: சர்வதேச விமானங்களில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2, 2030-இல் 5 என்று மத்திய அரசு வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. எண்ணெய் உள்ளே போவதற்கும் எரிபொருள் வெளியே வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. மணலி பக்கம் பேருந்தில் போகிற எல்லோரும் தினமும் பார்க்கிற உயரமான உருளைக் கோபுரங்களில்தான் அந்த நடுக்கதையின் பாதி நடக்கிறது. எண்ணெயின் வேதியியலை மாற்றுவது ரியாக்டர். மாறி வந்ததில் எது விமானத்துக்கு, எது லாரிக்கு, எது ஆலை அடுப்புக்கு என்று பங்கு பிரிப்பது கோபுரம். பங்கு பிரிக்கும் கை கோணினால் ரியாக்டர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வடிப்பு நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் வாலை என்ற கருவியில் மூலிகையை நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். அதன் பெயர் தீநீர். ஓமத்தீநீர் குடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கும் முதல் வடிக்கும் கடை வடிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். லேசானது முந்தி வரும், கனமானது பிந்தி வரும், அவ்வளவுதான் சூத்திரம். வாலையில் ஒரே ஒரு முறை ஆவியாகி, ஒரே ஒரு முறை குளிர்கிறது. ஆலைக் கோபுரத்தில் அதே வேலை முப்பது, நாற்பது முறை ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கிறது. உள்ளே துளை போட்ட தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். கீழிருந்து ஆவி ஏறும், மேலிருந்து திரவம் இறங்கும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் உரசிக்கொள்ளும்போது லேசான மூலக்கூறு கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும், கனமானது கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்ளும்.

மணலியில் இது 1969 முதல் நடக்கிறது. 1965-இல் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு ஓடத் தொடங்கியது. பெயர் மாறி இன்று சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) ஆகிவிட்ட அந்த ஆலையின் கொள்ளளவு 105 லட்சம் டன். ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய் ஞாபகம் இருக்கிறதா? அதை இன்னும் சுத்தம் செய்து, இன்னும் கறாராகச் சோதித்தால் விமான எரிபொருள். கோபுரத்தில் பெட்ரோல் மாதிரி லேசான நாப்தாவுக்குக் கீழே, டீசலுக்கு மேலே வெட்டி எடுக்கும் பகுதி அது. மணலியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அதற்கென்றே தனிக் குழாய், ஊரைச் சுற்றிக்கொண்டு சுமார் 95 கிலோமீட்டர் போகிறது.

இந்த 'நடுவே' என்பது எவ்வளவு குறுகல் என்று பார்ப்போம். ஜெட் ஏ-1 என்ற வழக்கமான விமான எரிபொருளைக் காய்ச்சினால், முதல் 10 சதவீதம் 205 டிகிரி செல்சியஸுக்குள் வடிந்துவிட வேண்டும். கடைசிச் சொட்டு 300 டிகிரியைத் தாண்டக் கூடாது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை 38 டிகிரிக்குக் குறையக் கூடாது. மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. முன்பக்கம் நாப்தா கொஞ்சம் கலந்தாலே தீப்பற்றும் வெப்பநிலை சரசரவென்று இறங்கிவிடும், ஏனென்றால் ஆவியாகி மேலே நிற்பது அந்தக் கொஞ்சம்தான். பின்பக்கம் கனமான நேர்ச்சங்கிலி, அதாவது கிளையில்லாமல் நீண்ட மூலக்கூறு, கொஞ்சம் கலந்தால் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்துக் குளிரில் மெழுகுத் துகள் மிதக்கத் தொடங்கும். முன்னால் தீ, பின்னால் பனி என்று இரண்டு சுவர்களுக்கு நடுவே எரிபொருள் நிற்க வேண்டும்.

இப்போது அக்காவின் சட்டி. சமையல் எண்ணெய் மூலக்கூறு ஒரு கிளிசரின் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகிற அமைப்பு. சங்கிலி ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன். திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் உப்பு, தண்ணீர், கருகிய தூள், உடைந்த அமிலங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் சொல்லிவருகிறது. கடைகளிலிருந்து எண்ணெய் இப்படி வெளியேறி விற்பனைக்கு வருவதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

எண்ணெயை முதலில் சுத்தம் செய்து, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினையூக்கி மேல் ஓட்டுகிறார்கள். ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் வாயுக்களாகவும் கழன்றுவிடும். கிளிசரின் முதுகெலும்பு புரொப்பேன் ஆகிவிடும். மிச்சம் 15 முதல் 18 கார்பன் கொண்ட நேரான சங்கிலிகள். இதில்தான் சிக்கல். 18 கார்பன் நேர்ச்சங்கிலி 316 டிகிரியில் கொதிக்கிறது, 28 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது. மார்கழி மாதத்து எண்ணூர்க் காற்றிலேயே கட்டிப்போகிற சரக்கு இது. டீசலுக்குக் கூட இதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். விமானத்துக்கு என்றால் நீளத்தையும் குறைக்க வேண்டும், கிளைகளும் முளைக்க வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு ரியாக்டர். சங்கிலியை உடைக்கும் அந்த ரியாக்டர் நடுவில் பார்த்துப் பக்குவமாக உடைக்காது. எங்கே வேண்டுமானாலும் உடைக்கும். ஆகவே வெளியே வருவது வாயு, நாப்தா, விமான எரிபொருள், டீசல் எல்லாம் கலந்த ஒரு கூட்டு. அதைப் பிரிக்கக் கோபுரம்.

எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. சோயா எண்ணெயை டீசலுக்காக ஓட்டினால், 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 68 கிலோ டீசலும் 13 கிலோ விமான எரிபொருளும் கிடைக்கும். விமான எரிபொருளைக் கூட்டுவதற்காக ஓட்டினால் அது 49 கிலோ ஆகும், டீசல் 23-க்கு இறங்கும், கூடவே நாப்தா 2 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கு ஏறும். அதாவது விமானத்துக்காக அழுத்தி உடைக்கும்போது மலிவான சரக்கும் கூடுகிறது, ஹைட்ரஜனும் அதிகம் செலவாகிறது.

இதை அடுத்த முறை போனபோது அக்காவிடம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்போ இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம்? மீன் லாரிக்கே ஊத்திடலாமே" என்றார். இந்தத் துறையில் பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொள்கிற கேள்வி இது. லாரிக்கு பேட்டரி என்று வேறு வழி தெரிகிறது, ஆறாயிரம் கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்குத் தெரியவில்லை என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அது முக்கால்வாசி சரி என்று படுகிறது. மீதிக் கால்வாசியை அக்கா பக்கம் விட்டுவிடுகிறேன்.

சரி, கோபுரத்தை எப்படி மேம்படுத்துவது? வெட்டை, அதாவது ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையை, கூர்மையாக்க ஆலைக்காரர்கள் கையில் எப்போதும் இருக்கும் பழைய ஆயுதம், மேலே குளிர்ந்த திரவத்தில் ஒரு பங்கை மறுபடியும் கோபுரத்துக்குள்ளேயே இறக்கிவிடுவது. ரிஃப்ளக்ஸ் என்பார்கள். அதிகம் இறக்கினால் பிரிவு கூர்மையாகும், ஆனால் இறக்கியதையெல்லாம் மறுபடி ஆவியாக்க அடியில் அவ்வளவு வெப்பம் கொடுக்க வேண்டும். தட்டுகளைக் கூட்டினால் ரிஃப்ளக்ஸைக் குறைக்கலாம், ஆனால் கோபுரம் உயரும், ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். தட்டுக்குப் பதில் மடித்த உலோகத் தகடுகளை அடுக்கிய பேக்கிங் போட்டால் அழுத்த இழப்பு நன்றாகக் குறையும், அடிப்பகுதியும் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும். பழைய கோபுரத்தின் வயிற்றை மட்டும் மாற்றிப் புதுத் திறன் வாங்கும் வழி இது. விளம்பரம் இல்லாத வேலை, ஆனால் பலன் உறுதி.

இதைவிடச் சுவாரசியமானது நடுச்சுவர்க் கோபுரம். வழக்கமாக மூன்று பொருளைப் பிரிக்க இரண்டு கோபுரம் வேண்டும். முதல் கோபுரத்தில் நாப்தா மேலே போய்விடும். விமான எரிபொருளும் டீசலும் கீழே வரும். இரண்டாவதில் அந்த இரண்டும் பிரியும். இதில் ஒரு ஊதாரித்தனம் ஒளிந்திருக்கிறது. முதல் கோபுரத்தின் நடுத் தட்டு ஒன்றில் விமான எரிபொருள் நன்றாகத் திரண்டு நிற்கும். ஆனால் கீழே இறங்க இறங்க டீசலோடு கலந்து மறுபடி நீர்த்துவிடும். காசிமேட்டில் ஒருவர் நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் என்று பிரித்துக்கொண்டே வந்து, தனியாகக் குவித்த சங்கராவை மறுபடி வஞ்சிரக் கூடையிலேயே கொட்டி அடுத்தவரிடம் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஏலக்காரர் திட்டுவார். கோபுரம் திட்டு வாங்காமல் பல பத்தாண்டுகளாக அதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஒண்டுக்குடித்தன வீட்டில் நடுவே தடுப்பு எழுப்புகிற மாதிரி, ஒரே கோபுரத்துக்குள் நெட்டுக்குத்தாக ஒரு சுவர் வைத்தால் இந்த மறுகலப்பு நின்றுவிடும். சுவரின் ஒரு பக்கம் கலவை நுழையும், மறுபக்கம் நடுச்சரக்கு வெளியேறும், மேலும் கீழும் பொது முற்றம். ஒரு கோபுரம், ஒரு அடுப்பு, மூன்று பொருள். அமெரிக்காவில் 1949-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 1965-இல் சோவியத் பொறியாளர் பெட்லியுக் அதன் வெப்பக் கணக்கை வெளியிட்டார். ஆனாலும் 1985-இல்தான் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் வணிக அளவில் ஓட்டிக் காட்டியது. எரிசக்தி மிச்சம் சுமார் 30 சதவீதம் வரை என்பார்கள். இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. கீழிருந்து ஏறும் ஆவி சுவரின் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை ஓட்டும்போது திருகி மாற்ற முடியாது. கட்டும்போதே தீர்மானம் ஆகிவிடும். வரும் கலவை ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை. பஜ்ஜிக் கடைப் பாமாயிலும் ஓட்டல் சூரியகாந்தி எண்ணெயும் மீன் வறுத்த எண்ணெயும் வாரத்துக்கு ஒரு விகிதத்தில் வந்தால் சுத்திகரிப்பும் ரியாக்டரும் பெரும்பகுதியைச் சமன் செய்யும், ஆனாலும் முழுதும் செய்யாது. என்னைக் கேட்டால், புதிதாக நிலம் பார்த்துக் கட்டும் ஆலைக்கு நடுச்சுவர் சரி. இருக்கிற ஆலையைத் திருத்துகிறவர்கள் முதலில் பேக்கிங்கையும், வெட்டின் தரத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லும் அளவுக் கருவிகளையும் பார்க்கலாம். உறைநிலை எல்லையிலிருந்து பயந்து தள்ளி நின்று ஓட்டும்போது நல்ல விமான எரிபொருளே டீசலோடு கீழே போகிறது. அளவீடு துல்லியமானால் எல்லைக்குக் கிட்டப் போய் நிற்கலாம்.

பாடநூல்களில் அதிகம் வராத ஒரு உள்ளூர் விஷயமும் உண்டு: வெயில். கோபுரத்தின் அழுத்தம் பெரும்பாலும் உச்சியில் இருக்கும் குளிர்விப்பானின் கையில் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மணலிக் காற்று 40 டிகிரியைத் தொடும்போது, விசிறிக் குளிர்விப்பான்கள் திணறும். கடற்கரை ஈரக்காற்றில் தண்ணீர் குளிர்விப்புக் கோபுரமும் மந்தமாகும். உச்சியில் ஆவி முழுதாகக் குளிராவிட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் லேசானதுக்கும் கனமானதுக்கும் இருக்கிற ஆவியாகும் வித்தியாசம் சுருங்கும். அதே கூர்மை வேண்டுமானால் இன்னும் அடுப்பெரிக்க வேண்டும். குளிர்நாட்டு வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து நட்டால் மே மாதத்தில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும். தண்ணீரும் இங்கே சும்மா கிடைப்பதில்லை. 2019 முதல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வு வழியாகச் சுத்தம் செய்து மணலி ஆலைகளுக்கு அனுப்புகிற பூமி இது. ஆகவே உச்சி வெப்பத்தை வானத்தில் விடாமல் அடுத்த பாத்திரத்தைச் சூடாக்கப் பயன்படுத்துவது இந்த ஊரில் இரட்டை மிச்சம்.

எவ்வளவு கூர்மையாக்கினாலும் கோபுரத்தால் முடியாதது ஒன்று உண்டு. அதற்குக் கொதிநிலை மட்டுமே தெரியும், வடிவம் தெரியாது. கிட்டத்தட்ட ஒரே கொதிநிலையுள்ள ஒரு நேர்ச்சங்கிலியும் ஒரு கிளைச்சங்கிலியும் உறைநிலையில் வெகு தூரம் விலகியிருக்கும். மணலியிலேயே இதற்கு எதிர்மறையான உதாரணம் இருக்கிறது. சோப்புத் தூளுக்கான மூலப்பொருள் செய்கிறவர்களுக்கு மண்ணெண்ணெயில் இருக்கும் நேர்ச்சங்கிலிகள்தான் வேண்டும். வடிப்பில் அதைப் பிரிக்க முடியாது என்பதால், நுண்துளை உள்ள மூலக்கூறுச் சல்லடையில் ஓட்டி நேரானதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். விமானத்துக்குத் தொல்லையாக இருப்பது துணி துவைக்கத் தேவைப்படுகிறது. சாஃப் ஆலையில் இதே வேலையைச் செய்வது, கிளை முளைக்காத கனச் சரக்கைக் கோபுர அடியிலிருந்து எடுத்து மறுபடி ரியாக்டருக்கே அனுப்பும் சுற்று. வெட்டு மங்கலாக இருந்தால் ஏற்கெனவே நன்றாக இருக்கும் மூலக்கூறும் அந்தச் சுற்றில் மாட்டி மறுபடி உடைந்து நாப்தா ஆகிவிடும். கோபுரத்தின் பிழைக்கு ரியாக்டரில் தண்டம் கட்டுகிறோம். அதனால்தான் இரண்டையும் தனித்தனி ஆட்கள் தனித்தனியாக வடிவமைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

கூர்மை எப்போதும் நல்லது என்றும் இல்லை. கலந்து முடித்த எரிபொருளில் 10 சதவீதம் வடியும் வெப்பநிலைக்கும் 90 சதவீதம் வடியும் வெப்பநிலைக்கும் நடுவே குறைந்தது 40 டிகிரி இடைவெளி வேண்டும் என்று ஏஎஸ்டிஎம் டி7566 என்ற தரநிலை கேட்கிறது. ஐசோபியூட்டனால் என்ற ஆல்கஹாலிலிருந்து செய்யும் எரிபொருளில் பெரும்பகுதி 12 கார்பனும் 16 கார்பனும்தான். படிக்கட்டில் இரண்டே படி இருக்கிற மாதிரி. அப்படிப்பட்டதை வழக்கமான எரிபொருளோடு கலந்தால்தான் சரிவு சீராகும்.

எத்தனால் வழியில் வடிப்பாளருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் தண்ணீர் இருக்கக் கூடாது. ஆனால் வடிப்பு சுமார் 95.6 சதவீதத்தில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் உலர்த்தத் தனி வேலை. விமானத்துக்கு எத்தனாலை முதலில் எத்திலீன் ஆக்குகிறார்கள், அந்த வினையே தண்ணீரை வெளியேற்றுகிறது. ஆகவே கடைசிச் சொட்டுத் தண்ணீரைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. 2023 மே மாதம் புனேவிலிருந்து டெல்லிக்கு ஏர்ஏசியா விமானம் 1 சதவீதம் சாஃப் கலந்து பறந்தது. அந்தச் சாஃப் உள்நாட்டு மூலப்பொருளிலிருந்து ஆல்கஹால் வழியில் வந்ததுதான்.

மரத்தூள், வைக்கோல் போன்றவற்றைத் திடீரென்று சூடாக்கி எடுக்கும் எண்ணெயோ கோபுரத்துக்கே எதிரி. சூடாக்கினால் தனக்குள் ஒட்டிக்கொண்டு, பாதி வரை பிசினாக அடியில் தங்கிவிடும். அதற்கு வெற்றிடத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி நொடிகளில் ஆவியாக்கும் முறைகளைத் தேடுகிறார்கள். குப்பையை வாயுவாக்கி எரிபொருள் செய்யும் வழியைச் சொன்னால் குப்பைமேட்டோடு வாழும் கொடுங்கையூர்க்காரர்கள் உடனே காதைத் தீட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். அமெரிக்காவின் நெவாடாவில் அப்படி ஓடத் தொடங்கிய ஃபல்க்ரம் ஆலை 2024-இல் மூடப்பட்டு, நிறுவனம் திவால் மனு போட்டது.

இருக்கிற சுத்திகரிப்பு ஆலைக்கு உடனே தோதானது, கச்சா எண்ணெய்ச் சரக்கோடு 5 சதவீதம் வரை சமையல் எண்ணெயைச் சேர்த்து ஓட்டுவது. புதுக் கோபுரம் வேண்டாம். இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலை இந்த வழியில் போக 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்றிதழ் வாங்கியது. ஆனால் உள்ளே போன எண்ணெயில் எவ்வளவு விமான எரிபொருளில் வந்தது, எவ்வளவு டீசலில் ஒளிந்தது என்று யார் சொல்வது? காலப்போக்கில் தானே சிதைந்து மறையும் கார்பன் வகையான கார்பன்-14 சொல்லும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த எண்ணெயில் அது மிச்சமில்லை, போன வருஷம் விளைந்த பயிரின் எண்ணெயில் இருக்கிறது. கோபுரத்தின் வெட்டை எங்கே வைத்தார்கள் என்பது இந்த எண்ணிக்கையில் நேராகத் தெரிந்துவிடும்.

கார்பன் கணக்கிலும் கோபுரத்துக்கு இடமுண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்தின் கார்பன் கணக்குத் திட்டமான கோர்சியா, வழக்கமான எரிபொருளுக்கு ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 89 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்றும், பழைய சமையல் எண்ணெயில் செய்ததற்கு 13.9 கிராம் என்றும் வைத்திருக்கிறது. அந்த 13.9-க்குள் எண்ணெய் சேகரிக்கும் வண்டி, ஹைட்ரஜன் தயாரிப்பு, கோபுரத்தின் அடுப்பு எல்லாம் அடக்கம். அடுப்பில் மிச்சம் பிடிப்பது நல்லதுதான். ஆனால் நாட்டில் கிடைக்கும் பழைய எண்ணெய் கைப்பிடி அளவு, செலவில் பெரும்பங்கும் அதற்கே போகிறது. அதனால் ஒவ்வொரு லிட்டரிலும் இரண்டு, மூன்று சதவீதம் கூடுதல் விமான எரிபொருளை வெட்டி எடுப்பதையே நான் முதலில் வைப்பேன்.

கடைசியாகக் குழாய். தனி சாஃப் அப்படியே மீனம்பாக்கம் போக முடியாது. அதில் அரோமாட்டிக் என்ற வளைய வடிவச் சேர்மங்கள் இருக்காது, அவை இல்லாவிட்டால் விமானத்தின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசியும். ஆகவே அதிகபட்சம் பாதிக்குப் பாதி கலந்து, அரோமாட்டிக் 8 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்து, சோதித்த பிறகு அது சாதாரண விமான எரிபொருள் என்றே ஆகிவிடுகிறது. அந்தச் சோதனைகளில் ஒன்று நூறு வருஷப் பழசு. 100 மில்லி எரிபொருளை ஒரு குடுவையில் ஊற்றிச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்து, முதல் சொட்டு எந்த டிகிரியில் விழுந்தது, பத்தாவது மில்லி எப்போது, கடைசி எப்போது என்று குறித்துக்கொள்வார்கள். நாற்பது தட்டுக் கோபுரத்தில் பிரித்தெடுத்த சரக்கு தேறுமா தேறாதா என்பதை அங்கே சொல்வது, தட்டே இல்லாத ஒரு வாலை.